மட்டக்களப்புத் திருச்சபைகளின் மேய்ப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்: பிள்ளை வாய் திறந்த பிறகு

மதிப்புக்குரிய போதகர்களே, பங்குத்தந்தையரே, அருட்சகோதரிகளே, வாலிபர் ஒன்றியப் பொறுப்பாளர்களே,

கல்லடியிலோ வாழைச்சேனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ, வாலிபர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் கதிரை அடுக்கும் சாட்டில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தால், அது எதையோ சொல்ல வந்திருக்கிறது. ஐஸ் என்னும் போதைப்பொருள், மாத்திரை, ஃபோனில் அனுப்பிய படம், கையில் பிளேட்டால் கீறிய கோடு, வீட்டில் நடக்கும் கொடுமை, எதுவாகவும் இருக்கலாம். அதைக் கேட்ட பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியதே இந்த மடல். பிள்ளைகள் நம்மிடம் சொல்வதை நிறுத்திவிடுவது பிரசங்கம் பிடிக்காததால் அல்ல. முன்பு சொன்ன பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்று சத்தியம் பண்ணுவதை முதலில் விடுவோம். உயிருக்கு ஆபத்து என்றோ, பெரியவர் ஒருவர் தொடுகிறார் என்றோ தெரிந்தால் அந்தச் சத்தியத்தை மீறத்தான் வேண்டும். மீறினால் பிள்ளை அதற்குப் பிறகு எந்தப் பெரியவரையும் நம்பாது. கேட்கத் தொடங்கும்போதே இப்படிச் சொல்லலாம்: “என்னட்டச் சொல்ல வந்தது நல்லது மனே. உனக்கு ஆபத்தெண்டால் உதவி செய்யக்கூடிய ஒராளுக்குச் சொல்ல வேண்டி வரும். ஆருக்குச் சொல்லுறது, எப்பிடிச் சொல்லுறது எண்டு உன்னோட கதைச்சுத்தான் செய்வன்.” உடனே வீட்டுக்குக் கோல் எடுக்கவும் வேண்டாம். ஆபத்து அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். அம்மா குவைத்தில், பிள்ளை அம்மம்மாவோடு என்றால், யாருடைய காதில் முதலில் போடுவது என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள்.

கத்தோலிக்கப் பங்குகளில் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) கேட்டதைக் குருவானவர் எக்காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. ஆகவே அங்கே ஒரு பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால், “இது உன் பாவம் இல்லை” என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் வெளியே வந்து இதையே மறுபடி சொல்லும்படி கேட்கவேண்டும். அதன் பிறகுதான் உதவிக்கு வழி திறக்கும்.

சாட்சி சொல்ல வைப்பதைப் பற்றி உறுதியாகவே சொல்கிறோம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை மேடையில் ஏற்றி, போதையிலிருந்தோ காதலிலிருந்தோ விடுபட்ட கதையைச் சொல்ல வைக்காதீர்கள். எங்கே வாங்கினான், எப்படிப் பாவித்தான் என்பதுதான் கீழே இருக்கும் பதின்மூன்று வயதுக்காரனின் மனதில் நிற்கும். பெண்பிள்ளையின் பெயரோ ஊர்வாயில் பத்து வருடம் கிடக்கும். ஐஸை விட்டவர்கள் மறுபடி அதற்குள் விழுவதும் சாதாரணம். மேடையில் வெற்றி சொன்ன பிள்ளை விழுந்தால், அதை மறைக்க முதலில் சபையிடம்தான் பொய் சொல்லவேண்டி வரும்.

ஐஸ் பாவித்தவன் இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருப்பான். சாப்பிடமாட்டான். யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகப்படுவான், இல்லாத சத்தம் கேட்பான். இதைப் பேய் என்று எண்ணி, ஒலிபெருக்கி வைத்து விடிய விடிய ஜெபித்தால், சத்தமும் தூக்கமின்மையும் அந்தச் சந்தேகத்தைத்தான் கூட்டும். கையைக் காலைக் கட்டினால் மூச்சுக்கே ஆபத்து. வெளிச்சமும் ஆட்களும் குறைந்த அறை, தண்ணீர், மெதுவாகப் பேசும் ஒரே ஒரு ஆள், பிறகு ஆஸ்பத்திரி. ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில் ஜெபியுங்கள். போதை இறங்கிய பின் நாட்கணக்கில் தூங்கி, மனம் அடியோடு தளர்ந்து கிடப்பான். சாகும் எண்ணம் வருவது அப்போதுதான். “விடுதலை கிடைத்துவிட்டது” என்று நாம் வீட்டுக்குப் போகும் நாளும் பெரும்பாலும் அதுவே. போதைக்காக பிரிகபலின் என்னும் வலி மாத்திரை பாவித்தவனை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதும் பிழை, வலிப்பு வரலாம். வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். மனநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுக்கும் பிள்ளையிடம் “விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு” என்று ஒருவரும் கேட்கக்கூடாது.

சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் அறிவுரை சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்துத் தூங்க விட்டான். எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்று தேவன் கேட்டது, அதன் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்தபின். சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு உபவாசம் விதிப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும்.

சாவைப் பற்றி நேராகக் கேளுங்கள்: “சாகோணும் எண்டு நினைப்பு வந்திருக்கா புள்ள?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஓம் என்றால் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. வீட்டில் உள்ள வயல் மருந்தும் மாத்திரைகளும் அன்றே வேறு வீட்டுக்குப் போகவேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் உலகிலேயே மிகக் கூடிய தற்கொலை வீதங்களில் ஒன்று நம் நாட்டில்தான் இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ய, அது பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பலருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாதது உயிரைக் காக்கும். எதையாவது விழுங்கிவிட்டதாகச் சொன்னால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பெட்டியையோ போத்தலையோ கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1998 முதல் இலங்கையில் தற்கொலை முயற்சி குற்றம் அல்ல. பொலிஸுக்குப் பயந்து மறைக்க ஒரு காரணமும் இல்லை.

பிள்ளையின் அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள் என்றால் காசு அனுப்பவேண்டாம், உரையாடலை அழிக்கவும் வேண்டாம். மிரட்டிய செய்தியையும் கணக்கின் பெயரையும் பதிந்து வையுங்கள். ஆனால் அந்தப் படத்தை “போதகருக்குக் காட்ட” என்று ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். சிறுவர்களின் அப்படியான படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம். அதேபோல், பதினாறு வயது ஆகாத பெண்பிள்ளையோடு உடலுறவு என்பது அவள் சம்மதித்திருந்தாலும் சட்டப்படி வல்லுறவு. “ரெண்டு குடும்பமும் கதைச்சு முடிச்சு வைப்பம்” என்று மூப்பர்கள் நடுவில் உட்காரக்கூடாது.

நம் சொந்த ஏற்பாடுகளும் பிள்ளைகளை ஆபத்தில் விடுகின்றன. மார்கழி மழையில் நள்ளிரவுக் கரோல் முடிந்து ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், தலைக்கவசம் இல்லாமல். முகத்துவாரத்தில் ஒன்றுகூடல், கரையில் நின்று பார்க்க நீந்தத் தெரிந்த ஒருவரும் இல்லை. வாலிபத் தலைவர் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரவு பதினொரு மணிக்குத் தனியாக வட்ஸ்அப். பிள்ளையோடு தனியே பேசுவதென்றால் கதவு திறந்திருக்கட்டும், கண்ணுக்கெட்டும் தூரத்தில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும். குழுச் செய்தியில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நம் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில், ஓய்வுநாள் பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அன்று ஏழெட்டு வயதாக இருந்தவர்கள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள். “ஆண்டவர் அப்ப எங்க இருந்தவர்?” என்று அவர்களில் ஒருவர் கேட்டால், அதை அவிசுவாசம் என்று அடக்கிவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, கூடவே இருங்கள். உயிர்த்தெழுந்த ஞாயிறை அண்டிய வாரங்களில் திடீர்க் கோபம், தூக்கமின்மை, கோயிலுக்கு வர மறுப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இந்த மாதத்துக்குள் ஒவ்வொரு சபையும் ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் இதற்கென்று பெயர் சொல்லி நியமித்து, பிள்ளைகளுக்கு அறிவிக்கட்டும். அந்த இருவரும் தங்கள் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும், கிட்டிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவையும் ஒரு தரமாவது நேரில் போய்ச் சந்திக்கட்டும்; அவசரத்தில் முகம் தெரியாத ஒருவரைத் தேடக்கூடாது. பிறகு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: சிறுவர் பாதுகாப்பு 1929, மனநல உதவி 1926, அம்புலன்ஸ் 1990. அதைக் காரியாலயத்துக்குள் ஒட்டாமல், ஒரு பிள்ளை வேறு யாரும் பார்க்காமல் வாசிக்கக்கூடிய இடத்தில், கழிவறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பு இளையோர் பணியில் உங்களோடு உழைப்பவர்கள்