பாப்பாவின் தடுப்பூசி அட்டை பத்திரம்

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறதா? செங்கோட்டையில் இப்போது காலை வெயில் இதமாக இருக்கும். இங்கே ஏழே முக்கால் மணி ஆனாலும் விடிவதில்லை. பையன் இருட்டிலேயே பனியில் நின்று பள்ளிப் பஸ்ஸைப் பிடிக்கிறான். ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை, தங்கமான பிள்ளை.

கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. இதற்கு எந்த மருத்துவரிடமும் போய்விட முடியாது. குடியேற்றத் துறை அங்கீகரித்தவரிடம்தான் போகவேண்டும். கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை என்பதால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொகை சொல்கிறார்கள். நாலு இடத்தில் விசாரித்துத்தான் போனோம். பரிசோதனை முடிவை எழுதிய படிவத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். நாம் அதைப் பிரிக்கக் கூடாது. 2024 டிசம்பரிலிருந்து விண்ணப்பத்தோடு சேர்த்தே அதை அனுப்பியாக வேண்டும்.

மாப்பிள்ளைக்கு விசா வந்துவிட்டது, உங்கள் மகளும் பாப்பாவும் கூடவே புறப்படுகிறார்கள் என்று அம்மா சொன்னதிலிருந்து இதை எழுதவேண்டும் என்றே இருந்தேன். வேலை விசாவில் வரும்போது ஊசி பற்றி யாரும் கேட்பதில்லை. கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கேட்கிறார்கள். நம் நாட்டவருக்கு அந்த முறை வரப் பல வருஷம் ஆகும். அதற்குள் பாப்பா வளர்ந்து பெரிய வகுப்புக்குப் போயிருப்பாள், அட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பள்ளியில் சேர்க்கவும் இங்கே தடுப்பூசிச் சான்று வேண்டும். போட்ட ஊசிதான், ஆனால் தேதியோடு எழுத்தில் இல்லாவிட்டால் போடாததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து நீங்கள் தேடி எடுத்துப் படம் அனுப்பினீர்களே, என் அட்டை, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பில் நைந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஆனால் நர்ஸம்மா நீல மையில் எழுதிய தேதிகள் ஒன்றுகூட அழியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழிந்து, கடல் கடந்து ஒரு மருத்துவர் அந்தக் கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு வீடாக நடந்து ஊசி போட்ட அந்த அம்மாவுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

அதில் எனக்குத் தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதம் போட்டதாக இருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி அது சரிதான். இங்கே முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொன்னுக்கு வீங்கிக்கும் ரூபெல்லாவுக்கும் அந்தக் காலத்து அட்டையில் கட்டமே கிடையாது. அதனால் மூன்றுக்கும் சேர்த்து ஓர் ஊசி ஒரு கையில், ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவானுக்கு ஓர் ஊசி இன்னொரு கையில். மஞ்சள் காமாலை பி ஊசியில் முதல் தவணையும் போட்டார்கள். பல தவணை உள்ள ஊசியில் அன்றைக்கு உரிய ஒரு தவணை போட்டால் படிவத்துக்குப் போதும். மீதியை விடாமல் போட்டுக்கொள்வேன். ஃபுளூ ஊசி அக்டோபர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு மட்டும், எங்களுக்கும் போட்டார்கள். கொரோனா ஊசியை 2021 அக்டோபரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள்.

காச நோய்க்கு ரத்தம் எடுத்தார்கள். நம் எல்லோருக்கும் இடது தோளில் காச நோய்த் தடுப்பூசியான பிசிஜியின் தழும்பு இருக்கிறதே, அதனால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை தவறாகக் காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இப்போது இதுதான்.

சின்னம்மை பற்றி எனக்குப் பயம் இருந்தது. பத்தாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டபோது வாசலில் வேப்பிலை செருகி, இளநீரும் மோருமாகக் கொடுத்து அம்மாதான் பார்த்துக்கொண்டாள். மருத்துவச் சீட்டு ஏது? ஆனால் இந்த ஒரு நோய்க்கு மட்டும், மருத்துவருக்கு நம்பிக்கை வரும்படி வாயால் சொன்னாலே ஏற்கிறார்கள். எந்த வயதில், கொப்புளம் எப்படி, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அம்மாவிடம் சொல்லுங்கள், அவள் செருகிய வேப்பிலை இங்கே செல்லுபடியாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அம்மை வந்ததே இல்லை என்பதால் ஊசி போட்டார்கள்.

மதினி, 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது பையன் உங்களிடம்தான் இருந்தான். கைப்பேசியில் என்னென்னவோ வதந்தி பரவி ஊரே பயந்துகிடந்த நேரம். நீங்கள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவந்தீர்கள், சீட்டையும் வைத்திருந்தீர்கள். அந்தச் சீட்டு இப்போது அவன் கோப்பில் இருக்கிறது. இதை நான் மறக்கமாட்டேன்.

அவன்தான் கேட்டான், அரசு எதற்கு ஊசியில் கட்டாயப்படுத்துகிறது என்று. ஆச்சியின் கையில் வட்டமாக இரண்டு தழும்பு இருந்ததைச் சொன்னேன். 1949 வரை நம் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே 1879லேயே அரசு ஊழியர், மாணவர், கைதிகள் எல்லோரும் பெரியம்மைக்குத் தடுப்பு குத்திக்கொள்ளவேண்டும் என்று மகாராஜா உத்தரவு போட்டிருக்கிறார். அந்தப் பெரியம்மை இன்று உலகத்தில் எங்குமே இல்லை. கட்டாயம் நல்லது என்றே நான் நினைக்கிறேன், அவனிடமும் அப்படியே சொன்னேன்.

இனி பாப்பா விஷயம். பிறந்தபோது போட்டது செங்கோட்டை ஆஸ்பத்திரி அட்டையில், மற்றவை புனலூர் அட்டையில் மலையாளத்தில். புறப்படுமுன் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கச் சொல்லுங்கள். முதல் அட்டையில் பெயர் வைக்காத குழந்தை என்று தாயின் பெயர்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் புதுத் தாளில் இருக்கவேண்டும். மாதத்தை எண்ணில் எழுத வேண்டாம். நாம் 08.05 என்றால் மே 8. இவர்கள் ஆகஸ்ட் 5 என்று படிப்பார்கள். போலியோ சொட்டு மருந்து 2016 ஏப்ரல் முதல் கொடுத்தது இங்கே கணக்கில் வராது. பாப்பாவுக்கு மறுபடி ஊசியாகப் போடச் சொன்னால் மகள் பயப்படவேண்டாம், அதில் கெடுதல் இல்லை.

பழைய அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவைதான் மூலம். விமானத்தில் கைப்பையில் வரட்டும், பெரிய பெட்டியில் வைக்கவேண்டாம். இரு பக்கமும் படம் எடுத்து இந்த வாரமே எனக்கு அனுப்புங்கள். எது குறைகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

அன்புத் தங்கை