கம்யூனிட்டி காலேஜில் மீடியா படிப்பு: கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் கல்வி இணைப்பில் வந்த அமெரிக்கப் படிப்பு பற்றிய கட்டுரையை ஊரிலிருந்து என் தம்பி அனுப்பியிருந்தான். கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) சேர்ந்து இரண்டு வருடம் மாஸ் கம்யூனிகேஷன் படித்துவிட்டு அப்படியே பெர்க்லிக்கோ யு.சி.எல்.ஏ.வுக்கோ மாறிக்கொள்ளலாம், பாதிச் செலவு மிச்சம் என்று எழுதியிருந்தார்கள். செலவு மிச்சம், சரி. மாறுவது அவ்வளவு சுலபம் கிடையாது. என் மகள் இங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஜர்னலிசம்தான் படிக்கிறாள், அடுத்த வருடம் மாற வேண்டியவள், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. கடிதம் நீண்டுவிட்டால் வெட்டிப் போடுங்கள், ஆனால் ஊரிலிருந்து பிள்ளையை அனுப்ப நினைக்கிறவர்களுக்கான பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் பணம். கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. இந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்று கணக்கில் வருகிற மாணவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கிற கணக்கு) 46 டாலர், 2012-லிருந்து அதே கட்டணம்தான். மாறுவதற்கு 60 யூனிட் வேண்டும், ஆக மொத்தம் 2,760 டாலர். அதே பிள்ளை நேராக யு.சி. என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (பெர்க்லி, யு.சி.எல்.ஏ. எல்லாம் இதன் வளாகங்கள்தான்) சேர்ந்தால் ஒரு வருடக் கட்டணமே 14,000 டாலரைத் தாண்டும். இதுவரை கட்டுரை சொன்னது சரி. ஆனால் மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ மாணவர் விசாவில் வருகிற பிள்ளைக்கு அந்த 46 டாலரோடு யூனிட்டுக்கு இன்னும் சில நூறு டாலர் கூடுதலாகப் போடுவார்கள். பெரும்பாலான காலேஜ்களில் ஹாஸ்டல் கிடையாது, வெளியில் அறை எடுக்க வேண்டும், இந்தப் பக்கத்து வாடகை என்னவென்று இங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். உள்ளூர்ப் பிள்ளையின் கணக்கை வைத்து ஊர்ப் பிள்ளையின் அப்பா வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் யார் பொறுப்பு?

அடுத்தது இடம் மாறுவது. இதற்கு இரண்டு வழி இருக்கிறது, கட்டுரையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்கள். ஒன்று, 2010-ல் வந்த சட்டப்படி 'அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு பட்டம், ஜர்னலிசத்திலும் உண்டு. அதை முடித்தால் கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வரிசையில் ஏதோ ஒரு வளாகத்தில் இடம் உறுதி. ஏதோ ஒன்றில்தான், நாம் கேட்கிற வளாகத்தில் என்று எந்த உறுதியும் இல்லை. இன்னொன்று யு.சி. கொடுக்கிற 'டேக்' என்கிற உத்தரவாதம். அது ஆறு வளாகங்களுக்கு மட்டும்: டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். ஆறில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம், அதற்கும் மார்க் நிபந்தனைகள் இருக்கின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சல்ஸும் (அதுதான் யு.சி.எல்.ஏ.) இந்தப் பட்டியலிலேயே இல்லை, அங்கே போட்டியில் நின்றுதான் வாங்க வேண்டும். கட்டுரை உதாரணம் காட்டியது சரியாக அந்த இரண்டையும்தான்!

இன்னொரு விஷயம், மாஸ் கம்யூனிகேஷன் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் தவறாமல் மாட்டிக்கொள்கிற இடம். கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் என்று ஒரு படிப்பு, ஜர்னலிசம் என்று ஒரு படிப்பு, இரண்டும் வேறு. முதலாவதில் மேடைப் பேச்சு, விவாதம், மனிதர்களுக்குள் நடக்கிற பேச்சு பற்றிய பாடங்கள் வரும். மாஸ் கம்யூனிகேஷன் அறிமுகம், செய்தி எழுதுவது, மாணவர் பத்திரிகையில் வேலை, இதெல்லாம் ஜர்னலிசத்தில்தான். எங்கள் நண்பர் ஒருவரின் பையனுக்கு அவன் காலேஜில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டுகிற கவுன்சலர் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்லி முதலாவதில் போட்டுவிட்டார். மாறுகிற நேரத்தில் பார்த்தால் அவன் கேட்ட ஜர்னலிசம் பிரிவுக்கு வேண்டிய அடிப்படைப் பாடங்கள் கையில் இல்லை. கூடுதலாக ஒரு செமஸ்டர் உட்கார்ந்தான். கவுன்சலரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் எத்தனையோ மாணவர்கள். அசிஸ்ட் என்று ஒரு பொது இணையதளம் இருக்கிறது, எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்று வரிசையாகக் காட்டும். முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்யும் முன்பே பிள்ளை தானே உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். பெர்க்லியில் இளநிலைக்கு இருப்பது மீடியா ஸ்டடீஸ், அதில் கோட்பாடுதான் அதிகம். செய்தி எழுதவே ஆசை என்றால் சான் ஹோசே ஸ்டேட்டின் ஜர்னலிசமோ இர்வைனில் இருக்கிற லிட்டரரி ஜர்னலிசமோ பொருத்தமாக இருக்கலாம். பெயரைப் பார்த்து மயங்குவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, என் மகளை ஏன் அங்கே சேர்த்தேன் என்று கேட்பீர்கள். பணத்துக்காக மட்டும் இல்லை. கட்டுரை அடியோடு விட்டது இதைத்தான்.

பெரிய பல்கலைக்கழகங்களில் மாணவர் பத்திரிகையில் முதல் வருடப் பிள்ளைக்குச் சட்டென்று இடம் கிடைத்துவிடாது, சீனியர்கள் வரிசையில் நிற்பார்கள். இங்கே முதல் செமஸ்டரிலேயே அவளை ஒரு கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். காலேஜின் அறங்காவலர் குழுக் கூட்டம், பார்க்கிங் கட்டணம் பற்றி. ராத்திரி பத்து மணிக்கு வெளியே வந்து காரில் ஏறினவள் "அம்மா, அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை அவங்க விவாதிக்கவே கூடாது தெரியுமா, எழுபத்திரண்டு மணி நேரம் முன்னாடியே அஜெண்டாவை ஒட்டணும்" என்றாள். அவள் சொன்னது பிரவுன் சட்டம், 1953-ல் வந்தது, கலிபோர்னியாவின் உள்ளாட்சி அமைப்புகள் எல்லாம் அதன்படிதான் கூட்டம் நடத்த வேண்டும். பதினெட்டு வயதுப் பெண் அதைப் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு எழுதிக்கொடுத்த செய்தியை ஆசிரியர் (பழைய நாளிதழ் நிருபர், ஓய்வு பெறுகிற வயது) அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் கிழிகிழியென்று கிழித்திருந்தார். "மாணவர்கள் அதிருப்தி அடைந்தனர்" என்ற வரிக்குப் பக்கத்தில் "எந்த மாணவர்? பெயர்?" என்று எழுதியிருந்தார். மறுநாள் பார்க்கிங்கில் நின்று ஆட்களைப் பிடித்துப் பேசிவிட்டு வந்துதான் அந்த வரியைத் திருத்தினாள். நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் யாராவது அந்தச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் நன்றாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செய்தி அறையில் அவளோடு இருப்பவர்களைப் பார்த்தால் ஒருவர் ராணுவத்திலிருந்து வந்தவர், ஒரு அம்மா பகலில் மருத்துவமனை வேலை முடித்துவிட்டு வருகிறார், இன்னொரு பையன் உணவகத்தில் இரவு ஷிப்ட். வாடகை, பேருந்து, மருத்துவக் காப்பீடு பற்றி இவர்கள் கொண்டுவருகிற செய்தி, ஹாஸ்டலில் ஒரே வயதில் இருக்கிற கூட்டத்துக்குத் தோன்றாது. நிர்வாகத்துக்குப் பிடிக்காத செய்தி என்றாலும் முன்கூட்டியே தடுக்க முடியாதபடி மாணவர் பத்திரிகைக்கு இந்த மாநிலத்தில் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது.

ஆனால் நம் ஆட்கள் விடுவார்களா. பொங்கல் விழாவில் "பொண்ணு எங்க படிக்கிறா?" என்று கேட்பார்கள், கம்யூனிட்டி காலேஜ் என்றதும் "ஓ... ஏன், மார்க் வரலையா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கேள்வி. உடனே யாராவது ஆறுதலாக நடிகர் டாம் ஹாங்க்ஸ் படித்ததும் பக்கத்து ஹேவர்டில் இருக்கிற சாபோட் காலேஜில்தானே என்பார்கள். மீடியா படிக்கிற பிள்ளைக்கு நான் சொல்கிற பெயர் ஜிம் லேரர். டெக்சஸில் விக்டோரியா காலேஜ் என்கிற இரண்டு வருடக் காலேஜில் படித்துவிட்டு மிசௌரி பல்கலைக்கழக ஜர்னலிசத்துக்கு மாறியவர், பி.பி.எஸ். என்கிற பொதுத் தொலைக்காட்சியின் செய்தியைப் பல வருடம் நடத்தியவர், அதிபர் தேர்தல் விவாதங்களில் பன்னிரண்டை நடுவில் உட்கார்ந்து நடத்தியவரும் அவர்தான்.

அதற்காக எல்லோரும் லேரர் ஆகிவிடுவதில்லை. நான்கு வருடப் பட்டம் வரை போகலாம் என்றுதான் பெரும்பாலானோர் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறார்கள், ஆறு வருடத்துக்குள் அந்தப் பட்டத்தைக் கையில் வாங்குகிறவர்கள் நாடு முழுக்க எடுத்தால் ஏறக்குறைய ஆறில் ஒருவர். வேலை, குடும்பம், பணம், தப்பான பாடத் தேர்வு என்று காரணங்கள் பல. இந்த ஒரு வரியாவது உங்கள் கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை இதே விஷயத்தை எழுதினால் ஒரு பெட்டிச் செய்தி சேர்த்துவிடுங்கள்: டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை, யு.சி. விண்ணப்பம் அதற்கப்புறம் தனியாகப் போட வேண்டும், டேக் போட்டாயிற்று என்று இதை விட்டுவிட்டால் அந்த உத்தரவாதம் செல்லாது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தையும் டாலரிலும் ரூபாயிலும் போடுங்கள், ஏதாவது இரண்டு காலேஜைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா