பழைய ரிப்பனைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காட்டில் வழி தவறியவர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், தனியாகப் போனார்கள், இருட்டிவிட்டது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. வேட்டைக்காட்டில் வருடா வருடம் பாதை போடுகிறவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது: பாதை இருந்தும் ஆட்கள் வழி தவறுகிறார்கள், காரணம் அங்கே தொங்கும் தப்பான அடையாளங்கள். (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. நான் எழுதுவது உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, சட்டப்படி மான் வேட்டை நடக்கும் நாடுகளின் காடுகளைப் பற்றி.)

எனக்கே நடந்தது. நண்பர்கள் சிலர் சேர்ந்து உரிமையாளரிடம் அனுமதி வாங்கி வேட்டையாடும் காடு அது. மான் வருவதைப் பார்த்து உட்காரும் மரத்துப் பரணிலிருந்து இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. வந்த வழியில் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தோம், அதைப் பிடித்துக்கொண்டே போனால் வண்டி நிற்கும் இடம் வந்துவிடும் என்று டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தேடி நடந்தேன். பத்துப் பன்னிரண்டு ரிப்பன் தாண்டியதும் தரை கொழகொழவென்று ஆனது, அப்புறம் முழங்கால் வரை தண்ணீர். திரும்பி வந்து ஒரு ரிப்பனைக் கையில் பிடித்துப் பார்த்தேன். வெயிலில் நிறம் வெளுத்து, தொட்டதும் விளிம்பு உதிர்ந்தது, முடிச்சு பாதி மரப்பட்டைக்குள் புதைந்து கிடந்தது. என்றைக்கோ மரம் வெட்ட அளவெடுத்தவர்கள் கட்டிவிட்டுப் போனது அது. எங்கள் வரிசை நடுவில் எங்கேயோ இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, நான் இதன் பின்னால் வந்துவிட்டேன். கைபேசி குளிரில் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. நண்பர்கள் விடாமல் ஹாரன் அடிக்க, அந்தச் சத்தத்தைப் பிடித்து வெளியே வர மூன்று மணி நேரம் ஆனது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்பார்கள், எனக்குக் கண் திறந்திருந்தும் அதே கதி.

இது வெறும் அலைச்சலோடு போகிற விஷயம் இல்லை. வேட்டைப் பருவத்தில் வழி மாறுகிறவன் இன்னொருவரின் துப்பாக்கி பார்க்கும் திசையில் போய் நிற்கக்கூடும். அதனால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில், பாதைக்காகச் செடி கிளைகளை வெட்டுவது. பருவம் முடிந்து, குளிர் காலத்தின் கடைசியில், இலை துளிர்ப்பதற்கு முன் வெட்டுவதுதான் நல்லது. காடு வெளிச்சமாக இருக்கும், உண்ணி தொல்லை குறைவு, பறவைகள் கூடு கட்டத் தொடங்கியிருக்காது, மான்களும் அடுத்த பருவத்துக்குள் பழகிவிடும். ஓக் மரம் உள்ள காட்டில் இன்னொரு காரணமும் உண்டு. ஓக் வாடல் என்ற பூஞ்சை நோய் பரவியுள்ள பகுதிகளில் இளவேனிலில் வெட்டினால், சாறு குடிக்க வரும் வண்டுகள் அந்தப் புதுக் காயத்தில் நோயைக் கொண்டுவந்து வைத்துவிடும், பெரிய மரமே ஒரு கோடையில் பட்டுப்போகலாம். ஆள் நடக்க நாலடி அகலம், தலைக்கு மேல் இரண்டடி இடைவெளி, இதற்கு மேல் வெட்ட வேண்டியதில்லை.

எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று. கன்று மரத்தை நின்ற வாக்கில் ஒரே வீச்சாகச் சாய்வாக வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஈட்டி முனை போல ஒரு கட்டை நிற்கும், இலை விழுந்து மூடியதும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் தடுக்கி அதன் மேல் விழுகிறவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். குனிந்து, தரையோடு தரையாக, மட்டமாக அறுக்க வேண்டும். முதுகு வலிக்கும்தான், ஆனாலும் செய்ய வேண்டும். செயின்சா என்ற மோட்டார் ரம்பத்தை எடுப்பவர்கள் அதற்கான ஹெல்மெட்டும் கால் கவசமும் இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல் இறங்கவே கூடாது. விழுந்த மரத்தின் அடியில் வில்லாக வளைந்து மாட்டியிருக்கும் சிறு மரத்தைத் தொட்டீர்களானால் அது அடிக்கும் அடியில் தாடை உடையும். மேலே முறிந்து தொங்கும் காய்ந்த கிளையையும் அண்ணாந்து பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

சரி, அடையாளத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை 1937-இல் முழுதாக இணைக்கப்பட்டது, 3,500 கிலோமீட்டர் நீளம். அதன் முக்கிய அடையாளம் மரத்தில் தீட்டிய ஒரு வெள்ளைப் பட்டை, அகலம் 2 அங்குலம், உயரம் 6 அங்குலம். கிளைப்பாதைக்கு நீலம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால், திருப்பம் வருகிறது, கவனி என்று பொருள். அவ்வளவு நீளத்துக்கே இந்தச் சின்ன விதிகள் போதும் என்றால், நம் நூறு ஏக்கருக்கு ஏன் ஆளுக்கொரு நிறம்? அன்று அந்தத் திருப்பத்தில் இரட்டை அடையாளம் இருந்திருந்தால் நான் சதுப்பில் இறங்கியிருக்க மாட்டேன்.

ஒரு பாதைக்கு ஒரே நிறம், ஓர் அடையாளத்தின் பக்கத்தில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். மரத்தின் இரண்டு முகத்திலும் வையுங்கள். போகும்போது தெரிந்த அடையாளம் திரும்பும்போது மரத்துக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது, நாம் இருட்டில் நடப்பதோ பெரும்பாலும் திரும்பும்போதுதான். சிவப்பு ரிப்பன் வேண்டவே வேண்டாம். ஆண்களில் கணிசமானவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அது தெரியாமலே பலர் காட்டுக்கு வருகிறார்கள். ஆரஞ்சும் இலையுதிர் காலத்து இலைகளோடு கலந்துவிடும். வெளிச்சம் பட்டால் மின்னும் சின்ன ஆணிகள் கிடைக்கின்றன, இருட்டில் தலைவிளக்கைத் திருப்பினால் பூனைக்கண் போலத் தூரத்திலிருந்தே தெரியும். பலகை அடிப்பதானால் அலுமினிய ஆணியை, தலை சற்று வெளியே நிற்கும்படி அடியுங்கள், மரம் பருக்க இடம் வேண்டும். இரும்பு ஆணி மரத்துக்குள் புதைந்தால் பிற்பாடு அறுக்கிறவன் ரம்பம் அதில் மோதும். கோடரியால் பட்டையைச் செதுக்கி அடையாளம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அந்தக் காயம் வழியே மரம் அழுகும். கம்பியைச் சுற்றி முறுக்குவது அதைவிட மோசம், மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கி, இலையிலிருந்து வேருக்குப் போகும் உணவை நிறுத்திவிடும்.

ஊதா நிறத்தை மட்டும் தொடாதீர்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் மரத்தில் ஊதாக் கோடு இருந்தால் சட்டப்படி "அத்துமீறி நுழையாதே" என்று அர்த்தம். அதைப் பாதைக்குத் தீட்டினால் உள்ளே வா என்பதும் வராதே என்பதும் ஒன்றாகிவிடும். பொது நிலத்தில் பல இடங்களில் ஒரு கிளை வெட்டக்கூட, ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கிடையாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, பாதைகள் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கம்பம் நட்டு எண் எழுதுங்கள். அந்த எண்களோடு ஒரு வரைபடம் வீட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று இருக்கட்டும். யார் எந்தப் பரணில் என்று காலையிலேயே அதில் எழுதிவிடலாம். பரணிலிருந்து விழுந்து கால் முறிந்தவன், "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் ஆம்புலன்ஸ் எங்கே போகும்? "ஏழாம் எண் கம்பம்" என்றால் நேரே வரலாம்.

இந்த வருடம் பருவம் முடிந்ததும் நாங்கள் ஒரு கம்பத்தையும் நடவில்லை, ஒரு கிளையையும் வெட்டவில்லை. முதல் இரண்டு நாளும் பழைய ரிப்பன்களைக் கழற்றுவதிலேயே போனது. இரண்டு சாக்கு நிறைந்தது. சதுப்புப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது, தண்ணீர் வற்றியதும் இறங்குகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்