மரத்துக்குப் பேர் கேட்ட தம்பிக்கு

நேற்றுச் சாயங்காலம் நம் சாலையோர மரத்தில் இருந்த சிவப்பு எண்ணின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். வடிகால் போட வெட்டுவதற்காகக் குறித்த எண் அது; மனுக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, மரம் தப்பிவிட்டது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை.

கையெழுத்துப் போட்டவர்கள், கலெக்டர் ஆபீஸ் வரை கூட வந்தவர்கள், வடிகாலை வளைத்துப் போட வழி சொன்ன சர்வேயர், காசு வாங்காமல் டீ கொடுத்த அக்கா, எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு.

முதல் மனுவை நகல் எடுக்கப் போனபோது அவர் அதைப் படித்தார். "சார், 'பெரிய மரம்', 'பழைய மரம்'னே எழுதியிருக்கீங்களே, மரத்துக்குப் பேர் இல்லையா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. இலுப்பை என்றேன். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது அவருக்குத் தெரியும், பூவைப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்றே ஓர் ஊர் இருக்கிறது, அங்கே கோயில் தலமரமும் இதுதான்.

நான் சொல்லச் சொல்ல அவரே டைப் அடித்தார்: 'இலுப்பை. பங்குனி, சித்திரையில் பூக்கும். விடியலில் பூ உதிரும். கொட்டை எண்ணெய் கோயில் விளக்குக்கு. பிண்ணாக்கு தலை தேய்த்துக் குளிக்க. பழம் வௌவாலுக்கு.' லேமினேட் செய்து, மறுநாள் கடை திறக்கும் முன்னே வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆணி அடிக்கவில்லை, கயிறுதான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

அதன் பிறகுதான் ஆட்கள் நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கீழே கிடந்த பூவை எடுத்து, வெண்ணெய் நிறத்தில் கொழுகொழுவென்று இருந்ததை நசுக்கிப் பார்த்து, நக்கியும் பார்த்தார்கள். ஒரு பாட்டி, சின்ன வயதில் இந்தப் பிண்ணாக்கு கண்ணில் பட்டு எரிந்த கதையைச் சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்தார். நான் மூன்று வாரம் வீடு வீடாக அலைந்து வாங்காத கையெழுத்து, அந்த அட்டைக்குக் கீழே வந்தது.

அப்புறம் ஒன்று. இலுப்பை விதையைச் சேர்த்து வைக்க முடியாது. சீக்கிரமே முளைப்புத்திறன் போய்விடும். இந்த ஆண்டு பழம் விழ விழப் பொறுக்கி, அன்றன்றே பையில் மண் போட்டு ஊன்றப்போகிறேன். முதல் கன்று தம்பிக்கு. கடை வாசலில் ஸ்டாண்ட் போர்டு வைக்கவே இடமில்லை என்கிறார். கன்று வளரட்டும், இடம் பார்த்துக்கொள்ளலாம்.