ஒரே தாய்வழியில் நிற்கும் சூரியகாந்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமையல் எண்ணெய் தன்னிறைவு பற்றிய உங்கள் கட்டுரை, வீரிய ஒட்டு விதை (இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து எடுப்பது) கொடுத்துவிட்டால் விளைச்சல் தானாக ஏறிவிடும் என்ற தொனியில் முடிந்திருந்தது. சூரியகாந்தி விதைப்பண்ணை போட்டவன் என்ற முறையில், அந்த விதை எதை நம்பி நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதைப்பண்ணையில் மூன்று, நான்கு வரிசை பெண் செடிக்கு ஒரு வரிசை ஆண் செடி. பெண் வரிசையில் மலர்ந்த கொண்டையைத் தடவினால் விரலில் மஞ்சள் மகரந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அந்தச் செடியை அப்போதே பிடுங்கியாக வேண்டும். தேனீ நடமாட்டம் குறைந்தால் காலையில் மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஆண் பூவைத் தடவிப் பெண் பூவில் தடவுவோம்.

மகரந்தம் இல்லாத இந்தப் பெண் செடி, பிரான்சில் லெக்லெர்க் என்ற விஞ்ஞானி 1969-ல் அறிவித்த கண்டுபிடிப்பு. வட அமெரிக்காவின் பெட்டியோலாரிஸ் என்ற காட்டுச் சூரியகாந்தியைத் தாயாக வைத்துக் கலந்து, பிறகு திரும்பத் திரும்பப் பயிர்ச் சூரியகாந்தியோடே சேர்த்து எடுத்தார். பார்வைக்கு முழுக்கப் பயிர்ச்செடிதான். செல்லுக்குள் இருந்து தாய் வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு மட்டும் காட்டுச்செடியின் சொத்து; மகரந்தத்தைத் தடுப்பதும் அதுவே. ஆண் செடி வழியாக மகரந்தத்தை மீட்கும் மரபணு வந்து சேர்வதால் விவசாயியின் வயலில் மகரந்தம் திரும்பிவிடுகிறது. இன்று உலகச் சந்தையில் உள்ள வீரிய ஒட்டுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே தாய்வழி.

அங்கேதான் எனக்குப் பயம். 1970-ல் அமெரிக்க மக்காச்சோளம் டெக்சாஸ் வகை என்ற ஒரே மலட்டுத் தாய்வழியை நம்பியிருந்தபோது இலைக்கருகல் பூஞ்சை வந்து நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைக் கொண்டுபோனது. சூரியகாந்திக்கு அப்படி நடக்கும் என்று ஜோசியம் சொல்லவில்லை. ஆனால் புது நோய் வந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறோம்: 1997-ல் கர்நாடகத்தின் பாகேபள்ளி பக்கம் தலைகாட்டிய நெக்ரோசிஸ் என்ற வைரஸ் நோய், பார்த்தீனியத்திலிருந்து இலைப்பேன் வழியாகப் பரவி எத்தனை பேரை இந்தப் பயிரையே விட்டுவிட வைத்தது! அடிச்சாம்பல் நோய்க்கு எதிர்ப்பு கிடைத்ததே காட்டு உறவுகளிடமிருந்துதான். சூரியகாந்திப் பேரினத்தில் ஏறத்தாழ 50 இனங்கள் இருக்கின்றன. நாம் தொட்டது கொஞ்சம்.

தொடுவதும் சுலபமில்லை. பல கலப்புகளில் கரு பாதியிலேயே செத்துவிடும். ஆய்வகத்தில் எடுத்து வளர்க்க வேண்டும். பிழைத்து வருவதும் கிளை கிளையாக வெடித்து, சின்னச் சின்னப் பூவோடு நிற்கும். அதைப் பயிராக்கப் பத்து வருடம்கூட ஆகலாம். அதுவரை வெளியிட ஒரு ரகமும் இருக்காது. ஹைதராபாத் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வேலை நடக்கிறது என்றாலும், மேடையில் பேசப்படுவது புது ரகம்தான்.

2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற எண்ணெய்வித்து இயக்கத்துக்கு 10,103 கோடி ரூபாய். அதில் காட்டு இனக் கலப்புக்கும் மாற்றுத் தாய்வழிக்கும் எவ்வளவு போகிறது என்று உங்கள் கட்டுரையாளர் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
விதைப்பண்ணை விவசாயி ஒருவர்,
உடுமலை.