துவரம் பருப்பு வர்ற நாட்டைப் பத்தி மளிகைக்கடை அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அண்ணாச்சி, வணக்கம்.

போன வாரம் கடையில கூட்டமா இருந்துச்சு, உங்களுக்குப் பதில் சொல்ல முடியல. நாட்டுத் துவரை ஒரு வெல, மொசாம்பிக் துவரை ஒரு வெலன்னு சொல்லிட்டு, "அது எங்க தம்பி இருக்கு, அங்கயும் நம்மள மாதிரி சாம்பார் வைப்பாங்களா"ன்னு கேட்டீங்க. நின்னுக்கிட்டே ரெண்டு நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்ல அது. அந்த நாட்டைப் பத்தி ரொம்ப நாளா தேடிப் படிச்சிட்டு இருக்கேன், அதான் எழுதியே அனுப்பறேன், தம்பிய விட்டு படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

சாம்பார் கிடையாது. மக்காச்சோள மாவுல நம்ம களி மாதிரி கிண்டற ஷிமாதான் அங்க முக்கியமான சாப்பாடு. தொட்டுக்க மீனு, கீரை, இல்லன்னா மரவள்ளி இலைய இடிச்சு வேர்க்கடலையும் தேங்காப்பாலும் சேத்து வைக்கிற மதாப்பா. துவரைய சாம்பேசியா, நம்புலா மாகாணத்துப் பக்கம் சின்ன விவசாயிங்க சோளத்துக்கு ஊடுபயிரா போடறாங்க, பெரும்பாலும் நமக்காகத்தான் போடறாங்க, அது மூட்டையாகி நகாலா துறைமுகத்துல கப்பல் ஏறி இங்க மில்லுக்கு வந்து உடைபட்டு உங்க கடைக்கு வருது.

நாடு ஆப்பிரிக்காவோட தென்கிழக்குக் கரையில, மடகாஸ்கருக்கு நேர் எதிர்ல இருக்கு. கடற்கரை மட்டுமே கிட்டத்தட்ட 2,500 கிலோமீட்டர், நம்ம தமிழ்நாட்டுக் கரைய விட ரெண்டு மடங்குக்கு மேல. பரப்புல ஆறு தமிழ்நாடு அடங்கும், ஆனா ஜனம் மூணு கோடிய கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். தலைநகர் மபூட்டோ எங்க இருக்குன்னு பாருங்க, தெற்குக் கோடியில, தென்னாப்பிரிக்கா பார்டர ஒட்டி. துவரை வெளையற வடக்குக்கும் அதுக்கும் ரோட்டுல ரெண்டாயிரம் கிலோமீட்டர் தூரம். நடுவுல சாம்பேசி ஆறு குறுக்க ஓடுது, கடலுக்குப் பக்கமா காயாங்கற ஊர்ல வடக்கையும் தெற்கையும் இணைக்கிற ரோட்டுப் பாலம் 2009லதான் திறந்தாங்க, அதுவரைக்கும் அந்த இடத்துல லாரியெல்லாம் படகுலதான் ஏறி எறங்கணும்.

மேப்புல ரயில் பாதைய மட்டும் கொஞ்ச நேரம் பாருங்க அண்ணாச்சி. தென்னாப்பிரிக்காவுலேந்து மபூட்டோவுக்கு ஒண்ணு, ஜிம்பாப்வேலேந்து பெய்ராவுக்கு ஒண்ணு, மலாவிலேந்து நகாலாவுக்கு ஒண்ணு. எல்லாம் மேற்குலேந்து கடலுக்கு வருது. வடக்கையும் தெற்கையும் சேக்க ஒரு தண்டவாளம் கூட இல்ல. ஏன்னா போட்டவங்க அந்த நாட்டு ஜனம் போய் வரணும்னு போடல, மேற்குல இருக்கற பக்கத்து நாடுகளோட சரக்கு கடலுக்குப் போகணும்னு போட்டாங்க. அந்த நாட்டோட கதைய நான் புரிஞ்சுக்கிட்டதே இங்கேந்துதான்.

வாஸ்கோடகாமா கோழிக்கோடுக்கு வர்றதுக்கு முன்னாடி 1498 மார்ச்சுல அங்க மொசாம்பிக் தீவுல எறங்கினாரு. அப்பவே அங்க அரபு, ஸ்வாஹிலி வியாபாரிங்க நல்லா யாவாரம் பண்ணிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் போர்ச்சுக்கீசியர் ஏறக்குறைய 500 வருஷம் போகல. கடைசிக் காலத்துல பண்ணது ரொம்பக் கொடுமை, ஷிபாலுன்னு பேரு, ஆம்பளைங்கள புடிச்சிட்டுப் போய் ரோடு போட, தோட்டத்துல வேல செய்ய வெப்பாங்க, வடக்குல குடும்பம் குடும்பமா சாப்பாட்டுப் பயிர விட்டுட்டு பருத்தி போடணும்னு கட்டாயம். தெற்குல இருந்த ஆம்பளைங்க தென்னாப்பிரிக்கா தங்கச் சுரங்கத்துக்குப் போனாங்க, அவங்க கூலியில ஒரு பங்க சுரங்கக்காரங்க போர்ச்சுக்கல் அரசாங்கத்துக்குத் தங்கமா குடுத்தாங்க, அத அரசாங்கம் வெளி மார்க்கெட்ல கூடுதல் வெலைக்கு வித்து லாபம் பாத்துச்சு. தொழிலாளிக்குக் கெடச்சது உள்ளூர் நோட்டு. படிச்சப்ப எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு.

1962ல ஃப்ரெலிமோங்கற விடுதலை இயக்கம் ஆரம்பிச்சு, 1964ல ஆயுதம் எடுத்து, தலைவர் எட்வர்டோ மொண்ட்லானே 1969ல பார்சல் குண்டுல செத்து, கடைசியில 1975 ஜூன் 25 சுதந்திரம். மொத ஜனாதிபதி சமோரா மஷேல், ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவரு. அவர் கையில வந்த நாட்டுல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாது, டாக்டர், இன்ஜினியர், மெக்கானிக்னு இருந்த போர்ச்சுக்கீசியர் பெரும்பாலும் மூட்ட கட்டிட்டாங்க.

அப்பவும் அவர் 1976ல ஒரு முடிவெடுத்தாரு. பக்கத்துல ரொடீசியா, அதாவது இன்னைக்கு ஜிம்பாப்வே, வெள்ளக்காரச் சிறுபான்மை ஆட்சி. அந்த ஆட்சி மேல ஐநா போட்ட வியாபாரத் தடைய மதிச்சு அந்த எல்லைய மூடிட்டாரு. பெய்ரா துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் சோறு போட்டதே அந்தச் சரக்குதான், தெரிஞ்சேதான் மூடினாரு. இத நான் ரொம்பப் பெரிய காரியமா நெனைக்கிறேன், வயித்துல அடிச்சுக்கிட்டு அடுத்தவன் விடுதலைக்கு நின்னிருக்காங்க. அதுக்கு வாங்கின அடியும் பெருசு. ரெனாமோன்னு ஒரு படைய ரொடீசியா உருவாக்கி விட்டுச்சு, 1980க்கு அப்புறம் தென்னாப்பிரிக்கா அத எடுத்து நடத்துச்சு, தண்டவாளம், பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு தேடித் தேடி ஒடச்சாங்க. ஃப்ரெலிமோ பண்ண தப்பும் இருக்கு, விவசாயிங்கள ஊர் ஊரா கெளப்பி கூட்டுக் கிராமத்துல கொண்டு போய் வெச்சது கிராமத்துல வெறுப்ப வளத்துச்சு, அந்த வெறுப்பு ரெனாமோவுக்கு உதவுச்சு. சமோரா 1986ல விமான விபத்துல போயிட்டாரு. 1992 அக்டோபர்ல ரோம்ல ஒப்பந்தம் ஆகறதுக்குள்ள பட்டினியும் சேத்து பத்து லட்சம் பேர் வரைக்கும் செத்தாங்கன்னு கணக்கு. பொதச்ச கண்ணிவெடியெல்லாம் எடுத்து முடிக்க 2015 ஆச்சு.

முந்திரி பத்தியும் சொல்லணும். 1970கள் ஆரம்பத்துல உலகத்துலயே பெரிய முந்திரி நாடு அதுதான். போர் முடிஞ்சு எழுந்து நிக்கப் பாத்த நேரத்துல உலக வங்கி கடன் குடுக்க ஒரு நிபந்தன போட்டுச்சு, பச்சக் கொட்டைய ஏத்துமதி பண்ண போட்ட வரியக் கொறைக்கணும்னு. கொட்ட அப்படியே கப்பல் ஏறி நம்ம நாட்டுக்கு வந்துச்சு, இங்க ஒடச்சாங்க. அங்க ஃபேக்டரி ஒண்ணொண்ணா மூடி ஆயிரக்கணக்கான பேருக்கு, அதுல நிறைய பொம்பளைங்களுக்கு, வேல போச்சு.

துவரையும் அதே மாதிரி ஒரு அடி அடிச்சுது. 2015 கடைசியில பருப்பு கிலோ 200 ரூபாய தொட்டது உங்களுக்கு மறக்காது, கஸ்டமர் கிட்ட திட்டு வாங்கினது நீங்கதானே. 2016 ஜூலையில பிரதமர் மபூட்டோ போனப்ப வருஷத்துக்கு ரெண்டு லட்சம் டன் வரைக்கும் வாங்கிக்கிறோம்னு ஒப்பந்தம் ஆச்சு. அத நம்பி அங்க நெறைய பேர் போட்டாங்க. இங்க அடுத்த வருஷம் வெளச்சல் கொட்டிருச்சு, நம்ம விவசாயிக்கு வெல கெடைக்கல, அரசாங்கம் 2017 ஆகஸ்ட்ல இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டுச்சு. நம்ம பக்க நியாயம் எனக்குப் புரியுது. ஆனா அங்க சரியா அறுவட நேரம், ஒப்பந்தத்துல சொன்ன அளவுக்கு அந்த உச்சவரம்பு கிடையாதுன்னு இருந்தும் வெல அதலபாதாளத்துக்குப் போச்சு. வாங்க வேற ஆளும் இல்ல, துவரைய இவ்வளவு சாப்பிடறது நாமதானே.

இப்ப வடக்குல காபோ டெல்காடோல கடலுக்கு அடியில பெரிய எரிவாயு வயல் 2010லேந்து கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த மாகாணம் நாட்டுலயே ரொம்ப ஏழ்மையான எடங்கள்ல ஒண்ணு. 2017 அக்டோபர்ல மொசிம்போவா டா பிரையாவுல தீவிரவாதத் தாக்குதல் ஆரம்பிச்சுது, 2021 மார்ச்சுல எரிவாயுத் திட்டத்துக்குப் பக்கத்துல இருக்கற பால்மா ஊர் மேலயே பாஞ்சாங்க, லட்சக்கணக்குல ஜனம் ஊர விட்டு ஓடுச்சு. மத வெறி மட்டும் காரணம்னு என்னால நம்ப முடியல. நெலத்த விட்டும் மீன்புடிக் கரைய விட்டும் கெளம்பச் சொல்லிட்டு வேல மட்டும் தெற்கத்திக்காரனுக்கும் வெளிநாட்டுக்காரனுக்கும் போனா இளவட்டம் எங்க போகும்? நடுவுல 2013, 14ல மீன்புடிப் படகு, கரைப் பாதுகாப்புன்னு சொல்லி ரகசியமா வாங்கின 200 கோடி டாலர் கடன் வேற 2016ல வெளிய வந்து நாணய மதிப்பே சரிஞ்சுது. 2019 மார்ச்சுல இடாய் புயல் பெய்ராவ தூக்கிப் போட்டது தனி. 2024 அக்டோபர் தேர்தல்ல மோசடின்னு எளசுங்க மாசக்கணக்குல தெருவுல நின்னாங்க, 300 பேருக்கு மேல செத்தாங்க. 1975லேந்து ஒரே கட்சி ஆட்சி, அதே ஃப்ரெலிமோ.

அந்த பால்மா எரிவாயுத் திட்டத்துல நம்ம பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிங்களுக்கு மொத்தமா 30 சதவீதம் பங்கு இருக்கு அண்ணாச்சி. அது உங்க வரிப் பணம், என் வரிப் பணம். அதனால அங்க வீடு எழந்தவங்களுக்கு நெலம் கெடச்சுதா, அந்த ஊர்ப் பசங்களுக்கு வேல கெடச்சுதான்னு கேக்கற உரிம நமக்கும் இருக்கு. நம்ம எம்பி கிட்ட கேட்டு எழுதலாம்னு இருக்கேன், நீங்களும் கையெழுத்துப் போடுங்க.

அன்புடன்,
உங்க தெருக்காரத் தம்பி