வேலை போனால் அந்தரங்கமும் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில், "விலகிப் போனவருக்கு நிறுவனக் கோப்புகளில் என்ன உரிமை இருக்கப்போகிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி. நல்லது ஐயா. எழுதியவருக்கு இன்னும் வேலை போனதில்லை என்று தெரிகிறது.

எனக்குப் போயிருக்கிறது. காலையில் கடிதம், மதியத்துக்குள் அடையாள அட்டை, லேப்டாப் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். சரி, அவர்களுடையதுதானே. ஆனால் ஆபீஸ் மெயிலுக்காக என் சொந்த போனில் ஏற்றச் சொன்ன செயலியை வைத்து போனையே மொத்தமாக அழித்தார்களே, அதிலிருந்த குடும்பப் படங்களும் நிறுவனச் சொத்தா? அப்புறம் வேறொரு இடத்தில் நேர்காணலுக்குப் போனால், "முதுகு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஆபரேஷன் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பழைய இடத்தில் விசாரித்தார்களாம், மருத்துவ விடுப்புக் கணக்கை அப்படியே ஒப்பித்திருக்கிறார்கள். அவர்கள் இணையதளத்தில் 'எங்கள் குடும்பம்' என்ற படத்தில் மட்டும் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

2020-ல் ஜெர்மனியில் எச் அண்ட் எம் என்ற துணிக்கடை நிறுவனத்துக்கு 3.53 கோடி யூரோ அபராதம் விழுந்தது தாங்கள் அறியாததல்ல. விடுப்பு முடிந்து வந்த ஊழியர்களிடம் நலம் விசாரிப்பதுபோலப் பேசி, என்ன நோய், வீட்டில் என்ன சண்டை என்றெல்லாம் குறித்து வைத்திருந்தார்கள். 50 மேலாளர்கள் வரை அதைப் படிக்க முடிந்தது. கணினியில் ஏதோ பிழையாகி சில மணி நேரம் நிறுவனம் முழுக்கத் திறந்து கிடந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது.

சம்பளம், வரிக் கணக்கை வைத்திருக்கட்டும், நாளைக்கு எனக்கே தேவைப்படும். கைரேகை எதற்கு? அந்த வாசலில் நான் இனி விரல் வைக்கப்போவதில்லையே. கைரேகை வருகைப்பதிவு வந்தபோதே இதைத் தங்களுக்கு எழுதினேன். பாதியை வெட்டிவிட்டு, 'நேரம் தவறாமைக்கு நல்ல வழி' என்று தலைப்பு வேறு வைத்துப் பிரசுரித்தீர்கள்.

திருத்தமெல்லாம் நான் கேட்கவில்லை. ஐரோப்பாவில் 2018 முதல் நடப்பிலுள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை விட்டவரும் தன்னைப் பற்றிய பதிவுகளின் நகலைக் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அப்படிக் கேட்பதற்கு ஒரு மாதிரிக் கடிதத்தை அதே பக்கத்தில் போடுங்கள், போதும். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தையும் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள், பழக்கம்தானே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம், பழைய மேலாளரும் தங்கள் சந்தாதாரர்தான்)